விளைவிலும் இழப்பிலும் பங்கு

கமக்காரருக்குப் பணம் வேண்டியது விதைக்குங் காலத்தில். அது கைக்கு வருவதோ விற்பனையின் பின்னர். இவ்விடைவெளியே கடனுக்கு வழியாகின்றது.

1986ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ், நியூ ஹாம்ஷயர் மாநிலங்களில், சேதனப் பசளையிடும் இரண்டு சிறு தோட்டங்கள் ஒரு மாற்றுமுறையைத் தொடங்கின. இம்முறையில் அயற் குடும்பங்கள் தோட்டத்தின் ஆண்டுச் செலவை முன்னரே பங்கிட்டு ஏற்கும்; கோடையில் வாரந்தோறும் தத்தம் பங்கு மரக்கறியைப் பெறும். விளைவு மிகுந்தால் எல்லோர் பங்கும் கூடும்; வரட்சியாற் குன்றினால் எல்லோர் பங்கும் குறையும். கமக்காரர் தனித்து இழப்பைச் சுமப்பதில்லை.

ஒரே நாளில் விதைத்தவை ஒருங்கே முதிர்ந்து வீணாகும். ஆதலின் போஞ்சி, கீரை முதலியவற்றை இரு வாரத்துக்கு ஒருமுறை சிறு பாத்திகளில் விதைத்தலும், கீரையை வெயிலேறுமுன் பறித்தலும், வரவு செலவைப் பங்காளருக்குக் காட்டுதலும் இன்றியமையாதன.