எக்சைட்டட் என்றால் தமிழில் என்ன?

பிள்ளைகளே, பள்ளிச் சுற்றுலாவுக்கு முதல் நாள். ஊரில் இருக்கும் அம்மம்மாவோடு போனில் கதைக்கிறீர்கள். "அம்மம்மா, எனக்கு எக்சைட்டடா இருக்கு!" என்கிறீர்கள். அம்மம்மா கேட்பார்: "என்ன பிள்ளை, சந்தோசமோ? இல்லாட்டிப் பயமோ?"

அது நல்ல கேள்வி. எக்சைட்டட் என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. லத்தீனில் அதற்கு ‘எழுப்பிவிடுதல்’ என்று பொருள். மனதுக்குள்ளே ஏதோ ஒன்று எழும்பிவிட்டது என்று அந்தச் சொல் சொல்லும். எழும்பியது எது என்று சொல்லாது. தமிழில் அதைப் பிரித்துச் சொல்லலாம்.

பாசல் நகரத்து ஃபாஸ்நாக்ட் திருவிழாவை எடுத்துப் பார்ப்போம். 2017இல் யுனெஸ்கோ இதை உலகின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. திருநீற்றுப் புதனுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை, அதிகாலை 4 மணிக்கு இது தொடங்கும். சரியாக 72 மணித்தியாலம் நடக்கும். நீங்களும் அங்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கிழமைக்கு முன்பு: எப்போது வரும் என்று நாள் எண்ணுகிறீர்கள். இது ஆவல். "எப்ப போவம் எண்டு இருக்கு" என்று வீட்டிலே சொல்வோம். ஜெர்மனில் இதற்கு ஃபோர்ஃப்ராய்ட என்று ஒரு சொல் இருக்கிறது. ‘முன்கூட்டியே வரும் மகிழ்ச்சி’ என்று அதற்குப் பொருள்.

முதல் நாள் இரவு: நித்திரை வரவில்லை. எழும்புகிறீர்கள், இருக்கிறீர்கள், பையைத் திரும்பவும் திறந்து பார்க்கிறீர்கள். இது பரபரப்பு. "எனக்கு இருப்புக்கொள்ளேல்லை" என்று சொல்லுங்கள்.

3 மணி 55 நிமிடம்: நீங்களே மேளம் அடிக்கும் குழுவில் நிற்கிறீர்கள். பிழையாக அடித்துவிடுவேனோ? நெஞ்சு வேகமாக அடிக்கிறது. இது படபடப்பு. சந்தோசத்தோடு கொஞ்சம் பயமும் கலந்திருக்கும்.

4 மணி: நகர நடுவிலே தெருவிளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைகின்றன. இருட்டுக்குள்ளே மேளங்களும் சின்னப் புல்லாங்குழல்களும் ஒன்றாக முழங்குகின்றன. வண்ண விளக்குக்கூடுகள் அசைந்து வருகின்றன. உங்கள் கையிலே முடி எழும்பி நிற்கிறது. இது மெய்சிலிர்ப்பு. மெய் என்றால் உடம்பு.

பிற்பகல்: ஊர்வல வண்டிகளிலிருந்து இனிப்புகளையும் தோடம்பழங்களையும் தருகிறார்கள். நீங்கள் துள்ளிக் குதிக்கிறீர்கள். இது குதூகலம். பார்க்கிறவர்கள், "பிள்ளைக்கு வாயெல்லாம் பல்" என்பார்கள்.

பார்த்தீர்களா? ஒரே திருவிழாவில் ஐந்து சொற்கள்!

மரபுத்தொடர்களை மட்டும் அப்படியே தூக்கி வர முடியாது. ஆங்கிலத்தில் வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி பறக்கும். அதை அம்மம்மாவிடம் தமிழில் சொன்னால், "ஐயோ, என்னத்தைச் சாப்பிட்டனி?" என்று கேட்பார். "வயித்தைக் கலக்குது" என்று சொல்லுங்கள், உடனே விளங்கும். ஆங்கிலத்தில் மிகவும் சந்தோசப்பட்டவர் நிலாவுக்கும் மேலே போய்விடுவார். தமிழில் அவருக்குத் தலைகால் தெரியாது.

இன்னொரு விசயம். இப்படிச் சொல்லும்போது ‘நான்’ என்று தொடங்க வேண்டாம். ‘எனக்கு’ என்று தொடங்குங்கள்: "எனக்கு ஆவலா இருக்கு." இது உங்களுக்குப் புதிதல்ல. குளிர்ந்தால் ஜெர்மனில் "மிர் இஸ்ட் கால்ட்" என்கிறீர்கள். தமிழில் "எனக்குக் குளிருது" என்கிறோம். இரண்டிலும் குளிர் எனக்கு வருகிறது. ஆவலும் அப்படித்தான் வரும்.

சரியான சொல்லைச் சொன்னால் உதவியும் சரியாகக் கிடைக்கும். "ஆவலா இருக்கு" என்றால் அம்மா சிரிப்பார். "படபடப்பா இருக்கு" என்றால் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்.

சொல்லிப் பாருங்கள்: இப்போது உங்களுக்கு எந்தச் சொல் பொருந்தும்?

1. நாளைக்கு நீச்சல் சோதனை.
2. இந்த ஆண்டின் முதல் பனி கொட்டுகிறது. வெளியே ஓடுகிறீர்கள்.
3. ஊருக்குப் போக இன்னும் 10 நாள்தான்.
4. மேடையிலே உங்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

ஒன்றுக்கு இரண்டு சொல் வந்தாலும் சரிதான். மனதுக்குள்ளே இரண்டும் சேர்ந்து இருக்கலாம்.