பழைய உலாவியும் சங்கத்தின் நற்பெயரும்

நமது சங்கங்களில் பல இன்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் தமக்கெனப் பக்கங்கள் வைத்துள்ளன. தறியிலிருந்து இறங்கிய சேலையின் படம் காலையில் அப்பக்கத்தில் ஏறுகிறது. மாலைக்குள் வெளியூர் அன்பர் ஒருவர் அதன் விலையைக் கேட்டு எழுதுகிறார். மஞ்சள் பயிரிடும் அங்கத்தினர்கள் அன்றைய சந்தை நிலவரத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அறிந்து கொள்கின்றனர். தரகரின் துணையின்றி விற்போரும் வாங்குவோரும் நேரே சந்திக்கும் இந்தச் சௌகரியம், கூட்டுறவின் நோக்கத்திற்கு மிகவும் உகந்ததே. ஆனால், இந்தச் சந்தைக்கு நாம் செல்லும் கதவு பழுதுற்றிருந்தால் என்ன நேரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கதவைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

உலாவி என்பது யாது?

கணினியிலும் கைப்பேசியிலும் வலைத்தளங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு பிரவுசர் அல்லது உலாவி என்று பெயர். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி ஆகியவை நாம் அடிக்கடி காணும் உலாவிகள். லட்சக்கணக்கான வரிகளில் எழுதப்படும் இத்தகைய மென்பொருளில் பிழைகள் இருப்பது இயல்பு. அவற்றுட் சில, அயலான் உள்ளே நுழைவதற்கு இடங்கொடுக்கும் ஓட்டைகளாகி விடுகின்றன. அவ்வோட்டைகளை அடைத்து, தயாரிப்பாளர் அனுப்பும் திருத்தமே அப்டேட் எனப்படும் புதுப்பிப்பாகும்.

உழவர்களாகிய அன்பர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வரப்பில் நண்டு இட்ட வளை சிறியதாகவே இருக்கும். மாலையில் அதைக் கண்டு மண் வைத்து மிதிக்காவிட்டால், விடிவதற்குள் பாய்ச்சிய நீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

ஒரு படமே போதும்

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். வெப்-பி என்ற முறையில் அமைந்த படங்களை விரித்துக் காட்டும் மென்பொருட் பகுதியில் ஓர் ஓட்டை இருப்பது தெரியவந்தது. பல உலாவிகள் அப்பகுதியைப் பொதுவாக உபயோகித்து வந்தன. தீய நோக்குடன் ஆக்கப்பட்ட ஒரு படம் திரையில் தோன்றினாலே அபாயம் என்ற நிலை. கூகிள் நிறுவனம் 11ஆம் தேதி குரோமுக்குத் திருத்தம் வெளியிட்டது. மறுநாள் ஃபயர்பாக்ஸுக்கும் திருத்தம் வந்தது. அந்த ஓட்டையைத் தீயோர் ஏற்கனவே உபயோகித்து வருகின்றனர் என்பதையும் கூகிள் அப்போதே அறிவித்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருத்தம் வெளிவந்ததும், பழைய மென்பொருளையும் புதியதையும் ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று திருடனும் கண்டுகொள்ளலாம். ஆகவே, திருத்தம் வெளிவந்த பின், அதனை ஏற்காதவருடைய அபாயம் குறைவதில்லை, கூடுகிறது. அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம் என்பது இவ்விஷயத்தில் பொருந்தாத பேச்சு.

ஒருவர் பிழை பலரைத் தொடும்

சமூக வலைத்தளங்களில் இத்தகைய கேடு எத்துணை விரைவாகப் பரவும் என்பதற்கு 2005ஆம் ஆண்டு அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற தளத்தில் நடந்தது சான்று. அமெரிக்க இளைஞர் ஒருவர் தம் பக்கத்தில் சில வரிக் கட்டளைகளை ஒளித்து வைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவருடைய பக்கத்திலும் அக்கட்டளைகள் தாமே படிந்தன. அவரைப் பார்த்தவருக்கும் அவ்வாறே தொற்றின. ஒரே நாளில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பக்கங்கள் இதற்கு உட்பட்டன. தளத்தின் காவல் போதாமல் இருந்தது ஒரு காரணம். ஏற்கத்தகாத கட்டளைகளை அக்கால உலாவிகள் சில ஏற்று நிறைவேற்றியது மற்றொரு காரணம்.

அந்த இளைஞர் பணத்தைத் திருடவில்லை. திருடும் எண்ணமுடையவன் கையில் இது கிடைத்தால் என்னவாகும்? நாம் கடவுச்சொல் கொடுத்து உள்ளே சென்றதும், வலைத்தளம் நமது உலாவியிடம் குக்கி என்ற அடையாளச் சீட்டு ஒன்றைத் தருகிறது. அது செல்லுபடியாகும் வரை மறுபடி கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. அச்சீட்டைக் கவர்ந்தவன் நமது பெயராலேயே உள்ளே நுழையலாம். சங்கத்தின் பக்கத்தில், "பண்டிகைத் தள்ளுபடி, முன்பணம் அனுப்புக" என்று அவன் எழுதினால், பணம் அனுப்பி ஏமாந்தவர் திருடனை அறியமாட்டார், சங்கத்தையே நோவார். அளவிற் குறையாமலும் சாயம் போகாமலும் துணி கொடுத்துப் பல்லாண்டுகளாக நாம் சேர்த்த நற்பெயர் ஒரே நாளில் கெடும். அப்பெயரை ஈட்டித் தர எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை.

போலிப் புதுப்பிப்பு

புதுப்பிக்க வேண்டும் என்று நாம் கூறுவதையே திருடனும் கூறுவான். 2008ஆம் ஆண்டு முகநூலில் பரவிய கூப்ஃபேஸ் என்ற தீநிரல் அவ்வாறுதான் வந்தது. நண்பர் பெயரால் ஒரு செய்தி. அதில் ஒரு காணொளிக்கு இணைப்பு. திறந்தால், "உமது ஃபிளாஷ் பிளேயர் பழையது, புதுப்பிக்கவும்" என்ற அறிவிப்பு. அதற்கு இசைந்து இறக்கிக் கொண்டதே தீநிரல். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31இல் முடிவுற்றது. ஆகவே, இன்று அதனைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு எதனையும் நம்பலாகாது.

எந்தச் செய்தியிலும் பக்கத்திலும் வரும் இணைப்பின் வழியாகப் புதுப்பிக்கக் கூடாது. கணினியில் குரோமின் மேல் வலப்புறம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, உதவிப் பகுதியில் குரோமைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால், அது தானே திருத்தத்தைத் தேடிக் கொள்ளும். கைப்பேசியாயின் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் வழியாகவே செய்ய வேண்டும். முகநூல், வாட்ஸ்அப் செயலிகளையும் அங்கேயே புதுப்பித்துக் கொள்ளலாம். மற்றொன்று: கணினியில் திருத்தம் தானே இறங்கியிருந்தாலும், உலாவியை ஒருமுறை மூடித் திறந்தால்தான் அது செயலுக்கு வரும். பல நாட்கள் மூடாமல் வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

எமது காரியாலயத்திலேயே விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியை, "இன்னும் ஓடுகிறதே" என்று நெடுநாள் வைத்திருந்தோம். 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த குரோம் 110ஆம் பதிப்பு முதல் அத்தகைய கணினிகளுக்குப் புதிய பதிப்புகள் கிடைப்பதில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம். யந்திரம் ஓடுவது வேறு. காவலுடன் ஓடுவது வேறு. அத்தகைய கணினியில் சங்கத்தின் கணக்குகளைத் திறக்காதிருப்பதே நலம்.

புதுப்பித்த உலாவியும் எல்லாவற்றையும் காத்துவிடாது. கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் நாமே பிறரிடம் கூறிவிட்டால் எந்தக் கதவும் பயன்படாது. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் உள்ள இருபடிச் சரிபார்ப்பை அவசியம் இயக்கிவைக்க வேண்டும். பணம் பறிபோயின் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சங்கத்தின் காரியதரிசிகளுக்கு ஒரு யோசனை. மாதந்தோறும் நிர்வாகக் குழு கூடும் நாளில், காரியாலயக் கணினியையும் சங்கப் பக்கத்தைக் கையாளும் ஒவ்வொருவர் கைப்பேசியையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யலாம். முதியோருக்கு இளம் அங்கத்தினர்கள் உடனிருந்து செய்து கொடுக்கலாம். சில நிமிஷங்களில் முடியும் வேலை இது. தறியில் ஓர் இழை அறுந்தால் அக்கணமே நிறுத்திப் பிணைக்கும் கைகளுக்கு இது பழகாத காரியமன்று.