சப்மிட் பண்ற நேரத்துல ரெஃபரன்ஸ் ஸ்டைலை மாத்தணுமா?

தீசிஸ் ரெடி. சப்மிட் பண்ணப்போற நேரத்துல கைடு சொல்றார்: "[1], [2]னு நம்பர் வேணாம்பா, ஆசிரியர் பேரும் வருஷமும் வரணும்." எல்லாத்தையும் கையால் டைப் செய்திருந்தால், அன்றைக்குத் தூக்கம் போச்சு. லேடெக்கில் 'பிப்லேடெக்' பேக்கேஜ் பயன்படுத்தியிருந்தால் பதறவேண்டாம்.

நூல் விவரங்கள் 'பிப்' ஃபைலில் தனியாக இருக்கும். அவை எப்படித் தெரியவேண்டும் என்பதை, பேக்கேஜ் வரியில் உள்ள 'ஸ்டைல்' தீர்மானிக்கும். அங்கே 'நியூமெரிக்' என்பதை 'ஆத்தர்இயர்' என்று மாற்றுங்கள். பிறகு லேடெக், பைபர், மறுபடி இரண்டு முறை லேடெக் ரன் செய்யுங்கள். கட்டுரைக்குள்ளும் கடைசிப் பட்டியலிலும் எல்லாம் மாறிவிடும்.

மேற்கோளுக்கு வெறும் 'சைட்' கமாண்ட் போட்டிருந்தால், புது ஸ்டைலில் அடைப்புக்குறி வராது. ஆரம்பத்திலிருந்தே 'ஆட்டோசைட்' போட்டுப் பழகுங்கள்; அடைப்புக்குறியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நம்ம ஊர் இனிஷியலில் கூடுதல் கவனம் தேவை! 'முருகன் கே' என்று கொடுத்தால், கடைசியில் நிற்கும் 'கே'யைத்தான் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். கட்டுரையில் '(கே 2019)' என வந்து நிற்கும். 'முருகன், கே.' என்று நடுவில் கமா போடுங்கள். வருஷக்கணக்கில் உழைத்து எழுதியவரை வெறும் இனிஷியலாக்கிவிடாதீங்க!