ஸ்கூல் திறக்கப் போகுது... குப்பையும் மலையேறணுமா?

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான். புதுப் பை, புது வாட்டர் பாட்டில், புது டிபன் பாக்ஸ் என்று லிஸ்ட் போட ஆரம்பித்துவிட்டீர்களா? ஒரு நிமிஷம்! பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்.

மே மாதம் வந்தால் ஏற்காடு ஊரே வெளியூர்க்காரர்களால் நிரம்பி வழியும். கோடை விழா, மலர்க் கண்காட்சி, படகு சவாரி என்று ஒரே கோலாகலம். அவர்கள் ஊர் திரும்புகிற நேரத்தில்தான் இங்குள்ள குடும்பங்களுக்கு வேறொரு பயணம் ஆரம்பிக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் கடைவீதிக்குப் போய், பிள்ளைகளுக்கான சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு வரும் பயணம்!

"அம்மா, எனக்குப் பொம்மை போட்ட பை வேணும்...", "போன வருஷ பாட்டிலையே எடுத்துட்டுப் போனா எல்லாரும் சிரிப்பாங்க..." இந்தப் புலம்பல் எந்த ஊரிலும் ஒன்றுதான். ஆனால், மலைமேல் வசிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் 1500 மீட்டர் உயரத்துக்கு பஸ் ஏறி வருகிற பிளாஸ்டிக் உறையும், ஆறே மாதத்தில் கிழிகிற பையும் தானாகக் கீழே இறங்கிப் போவதில்லை. யாராவது சுமந்து இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் வீசுவார்கள், அல்லது எரிப்பார்கள்.

வீசினாலும் ஆபத்து, எரித்தாலும் ஆபத்து

பள்ளத்தில் விழுந்த குப்பை முதல் மழைக்கே ஓடையில் இறங்கிவிடும். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் ஓடி, கடைசியில் காவிரியில் கலக்கிறது. அதனால், "ஏற்காட்டுக் குப்பைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கீழே இருப்பவர்களும் கேட்க முடியாது.

சாப்பாட்டு வாசனை வீசும் கவரை மாடு கவரோடு சேர்த்தே விழுங்கும். ஜீரணமாகாத பிளாஸ்டிக் அதன் வயிற்றில் பந்துபோலச் சேர்ந்து தீனியை அடைத்துவிடும். எஸ்டேட் ஓரங்களில் மேயவரும் காட்டெருமைகளுக்கும் இதே ஆபத்துதான்.

சரி, எரித்துவிட்டால்? அது இன்னும் மோசம். பி.வி.சி. கலந்த பை, ரெயின்கோட், செருப்பு போன்றவற்றைக் கொல்லைப்புறத்தில் கொளுத்தினால் டையாக்ஸின் என்ற நச்சு வெளியாகும். குளிர்ந்த காலை நேரத்தில் புகை மேலே எழும்பாமல் தாழ்வாகவே தங்கும். வீஸிங், ஆஸ்துமா உள்ள குழந்தைகள் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான்.

ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. துணிப்பை மாதிரியே கண்ணை ஏமாற்றும் 'நான்-வோவன்' பையும் அதில் அடக்கம். அதுவும் பிளாஸ்டிக் இழைதான்! 2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆகவே கடைக்குக் கிளம்பும்போது இரண்டு துணிப்பைகளை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை... கணக்கெடுப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன வருஷ சாமான்கள் அத்தனையையும் கூடத்தில் கொட்டுங்கள். பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். 'அப்படியே உதவும்', 'ரிப்பேர் செய்தால் உதவும்', 'இனி உதவாது' என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். இரண்டாவது குவியல்தான் முக்கியம். ஜிப் போன பை, வார் அறுந்த பை இவற்றைச் செருப்பு தைப்பவரிடமோ டெய்லரிடமோ கொடுத்தால், புதுப் பை விலையில் சிறு பங்குகூட ஆகாது.

பாதி எழுதிய நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். வெற்றுத் தாள்களை மட்டும் பிரித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய அட்டை போட்டால் வருஷம் முழுக்க ரஃப் நோட்டு ரெடி!

பை கனக்குதா? முதுகு வலிக்கும்!

புத்தகச் சுமையைப் பற்றி எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-ல் மாநிலங்களவையில் மனம் நொந்து பேசினார். பிறகு யஷ்பால் குழு 'சுமையில்லாக் கல்வி' வேண்டும் என்று 1993-ல் அறிக்கை தந்தது. மத்திய அரசின் 2020-ம் ஆண்டு பள்ளிப் பை கொள்கை, பையின் எடை குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அதாவது, 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதிகபட்சம் இரண்டரை கிலோ.

வகுப்புவாரியாகவும் அளவு உண்டு. 1, 2-ம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ. 3 முதல் 5 வரை 1.7 முதல் 2.5 கிலோ. 6, 7-ம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ.

மேடும் பள்ளமுமான பாதையில் நடக்கிற மலைப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். கனமான பையோடு மேடு ஏறும்போது உடம்பு முன்பக்கம் வளையும். கழுத்து, தோள், இடுப்பு மூன்றும் வலிக்கும். எடை பார்ப்பது சுலபம். எடை மெஷினில் நீங்கள் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி நில்லுங்கள். வித்தியாசம்தான் பையின் எடை.

பை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கெட்டிக் கித்தான் துணியில், இரண்டு பக்கமும் அகலமான வார் வைத்ததாகப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ! பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால், காலி பாட்டிலைக் கொடுத்தனுப்பி அங்கேயே நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு எவர்சில்வரே ராஜா

கொதிக்கக் கொதிக்க சாம்பார் சாதத்தை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொடுப்பது வேண்டாம். சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனங்கள் உணவில் இறங்க வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட், கடின பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பினால்-ஏ ஆகியவை ஹார்மோன்களைக் குழப்பக்கூடியவை என்பதால்தான் டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், பாருங்கள். 1 என்றால் மினரல் வாட்டர் பாட்டில் வகை. திரும்பத் திரும்ப நிரப்ப ஏற்றதல்ல. 3, 6, 7 எண்கள் உள்ளவற்றைச் சாப்பாட்டுக்குத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே 5-ம் எண் டப்பா இருந்தால் ஆறின பண்டம், பிஸ்கட் வைத்துக்கொள்ளலாம்.

எவர்சில்வருக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம். மலையடிவாரத்துச் சேலத்தில் 1981-ல் உற்பத்தியைத் தொடங்கிய உருக்காலையே எவர்சில்வர் தகட்டுக்குப் பேர் போனதுதானே! வாங்கும்போது '304' ரகமா என்று கேட்டு வாங்குங்கள். மட்ட ரகம் என்றால் புளியும் உப்பும் பட்டுக் கறை பிடிக்கும். நல்ல டிபன் பாக்ஸ் ஒன்று அக்காவுக்குப் பிறகு தம்பிக்கும் வரும்.

எலுமிச்சை சாதம், புளியோதரைக்கு அலுமினியத் தாள் வேண்டாம். வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டிச் சுற்றினால் கிழியாது, வாசனையும் பிரமாதம். இன்டர்வெலுக்கு அட்டைப்பெட்டி ஜூஸ் எதற்கு? மலையில் விளையும் ஆரஞ்சு, கொய்யா, பலாச்சுளை என்று எந்தப் பழம் எப்போது கிடைக்கிறதோ அதைக் கொடுங்கள். நார்ச்சத்தும் கிடைக்கும், குப்பையும் மக்கும்.

காலண்டர் அட்டை, இங்க் பேனா

புத்தகத்துக்கு பிளாஸ்டிக் உறை போடாமல் பிரவுன் பேப்பர் போடுங்கள். போன வருஷ மாதக் காலண்டர் தாள் இன்னும் கெட்டி. வழவழப்பான படம் உள்பக்கம், வெள்ளைப் பக்கம் வெளியே!

நோட்டு வாங்கும்போது கரும்புச் சக்கைக் காகிதமா, மறுசுழற்சிக் காகிதமா என்று விசாரியுங்கள். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்கென்றே தமிழக அரசு 1979-ல் தொடங்கிய டி.என்.பி.எல். ஆலை பக்கத்து கரூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

எழுதித் தூக்கி எறியும் பேனாக்களுக்குப் பதில் மை நிரப்பும் பேனா ஒன்று வாங்கிக் கொடுங்கள். கையெழுத்தும் அழகாகும்.

சீருடையும் சாரலும்

வளரும் பிள்ளைகளின் பாவாடை, பேன்ட்டுக்கு அடியில் இரண்டு அங்குலம் மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் பிரித்து விட்டால் போதும். பருத்தி அதிகம் கலந்த துணி தோலுக்கும் நல்லது. பாலியஸ்டர் துணியோ ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் விடும்.

ஜூன் மாதம் ஏற்காட்டில் சாரலும் மூடுபனியும் ஆரம்பித்துவிடும். ஈர ஷூவோடு நாள் முழுக்க இருந்தால் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். கூடுதலாக இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் இருக்கட்டும். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால், ராத்திரிக்குள் ஈரத்தைப் பெருமளவு இழுத்துவிடும். கம்பி வளைந்த குடையை எறியாமல் ரிப்பேர் செய்யுங்கள்.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு...

1894-ல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி என்று விடுதிப் பள்ளிகளுக்குப் பேர் பெற்ற ஊர் ஏற்காடு. அந்தக் காலத்தில் விடுதிப் பிள்ளைகள் என்றாலே தகர டிரங்குப் பெட்டிதான். துருப்பிடித்தால் பெயின்ட் அடித்து, அப்பா கொண்டுபோனதை மகனும் கொண்டுபோவான். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம், இறக்கிப் பாருங்கள். சின்னச் சின்ன சாஷே பாக்கெட்டுகளை டஜன் கணக்கில் கட்டாமல், ஷாம்பூவையும் எண்ணெயையும் ஒரே பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தனுப்புங்கள்.

பிள்ளை அடம் பிடித்தால்?

உண்மையில் கஷ்டமான இடம் இதுதான். "பழசைக் கொடுத்தனுப்பினா நமக்கு வசதி இல்லைன்னு நினைச்சுடுவாங்களோ?" என்ற கவலை பிள்ளையைவிட நமக்குத்தான் அதிகம்! குழந்தையின் ஆசையை 'வீண் பிடிவாதம்' என்று அதட்டாதீர்கள். "ஏதாவது ஒண்ணு மட்டும் புதுசு. எதுன்னு நீயே சொல்லு" என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுங்கள். பழைய பையைத் துவைத்து, அதில் தன் பெயரைத் தானே வண்ண நூலால் தைக்கட்டும். அப்புறம் அது பழைய பை இல்லை, அவளுடைய பை!

தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் இன்னும் நல்லது. சின்னதாகிப்போன ஸ்வெட்டர், ஷூ, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் ஒரு சாயங்காலத்தில் கை மாறிவிடும். எல்லார் வீட்டிலும் இதே வழக்கம் என்று தெரிந்துவிட்டால் எந்தக் குழந்தைக்கும் கூச்சம் இருக்காது.

கடைக்குப் போகுமுன்...

* கணக்கெடுப்பு முடிந்த பிறகே லிஸ்ட் எழுதுங்கள்.
* துணிப்பை இரண்டு, கையில்.
* அட்டை, உறைகளைக் கடையிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.
* கெட்டால் ரிப்பேர் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.
* காலிப் பையைத் தூக்கிப் பாருங்கள். அதுவே கனத்தால் வேண்டாம்.

இப்படிச் செய்து பார்த்தால், லிஸ்ட் பாதியாகச் சுருங்கியிருக்கும். மிச்சமாகும் பணத்தில் பிள்ளைகளுக்கு நல்ல கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்களேன்!