எழுத்து இடறினால் தொழில் இடறுமா?

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்குச் சென்ற தமிழரில் ஒரு பெரும் பகுதியினர் எழுத்தையே மூலதனமாகக் கொண்டு சென்றவர்கள். பம்பாயின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல் பாகிலும், கல்கத்தாவின் கம்பெனி அலுவலகங்களிலும் கணக்கு எழுதியும், சுருக்கெழுத்து எடுத்தும், தட்டச்சு செய்தும் அவர்கள் குடும்பத்தைக் காத்தனர். நிலமும் கடையும் இல்லாத அவ்வீடுகளில் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலே சொத்துப் பத்திரமாக இருந்தது. அத்தகைய வீட்டில் ஒரு பிள்ளைக்கு எழுத்து வசப்படாவிட்டால், அதனை ஒரு பாடத்தில் நேர்ந்த தோல்வியாக யாரும் கருதுவதில்லை. குடும்பத்திற்கே வந்த தலைக்குனிவாகக் கருதி விடுகிறார்கள். ‘சோம்பேறி’, ‘மக்கு’, ‘அக்கறையில்லாதவன்’ என்னும் பட்டங்கள் பத்து வயதிலேயே சூட்டப்படுகின்றன. இருபது வயதில் அந்தப் பிள்ளையே அவற்றை நம்பத் தொடங்கிவிடுகிறான். அப்படிப்பட்ட இளைஞனுக்கு ஏற்ற தொழிலை எவ்வாறு தேர்வது என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

முதலில், இக்குறை இன்னதென்று தெளிவோம். 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். சிறுவன் சூட்டிகையானவன்; விளையாட்டில் பின்தங்காதவன்; எண்களைத் தடையின்றிப் படித்தவன். ஆயினும் ஏழு வயது முதல் பாடம் கேட்டும் எளிய சொற்களைக்கூட அவனால் படிக்க இயலவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் அப்பள்ளியில் அவனே முதல்வனாக இருப்பான் என்று அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் கருதினாராம். அறிவு வேறு, எழுத்தைப் படிக்கும் திறன் வேறு என்பதை அன்றே உணர்த்திய நிகழ்ச்சி இது.

இன்று இதனைக் கற்றல் குறைபாடு என்கிறோம். படிப்பதில் இடர்ப்பாடு டிஸ்லெக்சியா. எழுதுவதில் இடர்ப்பாடு டிஸ்கிராபியா. கணக்கில் இடர்ப்பாடு டிஸ்கால்குலியா. இவற்றிற்கு அருகே நிற்பது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு. அதனை உடையவர்க்குக் கவனமே இல்லை என்பது தவறான எண்ணம். வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்திற்குக் கவனத்தை நிறுத்தும் ஆற்றலே அவர்களிடம் நிலையற்றிருக்கிறது. பிடித்த வேலையில் பசியையும் மறப்பவர், ஒரு விண்ணப்பத்தை நிரப்ப மூன்று வாரம் தள்ளிப் போடுவார். இவ்விரு குறைகளும் பல குடும்பங்களில் வழிவழியாக வருவன. ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதும் உண்டு. வயது வந்ததும் தாமே மறைந்துவிடும் என்று காத்திருப்பது பயன் தராது.

வெளிமாநிலத் தமிழர்க்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், அத்துடன் அம்மாநில மொழி என்று நான்கு மொழிகளுக்கிடையே குழந்தை வளர்கிறது. அது படிக்கத் திணறினால், ‘பல மொழிகளால் வந்த குழப்பம்’ என்று சிலர் தள்ளிவிடுகின்றனர். வேறு சிலரோ, மொழி பழகாத குழந்தையைக் குறையுடையது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இரண்டும் பிழை. பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் இக்குறை தோன்றுவதில்லை. மொழி பழகாமையாயின், நன்கு தெரிந்த மொழியில் குழந்தை தடையின்றிப் படிக்கும்; கற்றல் குறைபாடாயின், கற்ற ஒவ்வொரு மொழியிலும் அதன் சுவடு தென்படும். ஆங்கிலத்தில் ஒலிக்கும் எழுத்திற்கும் உள்ள உறவு ஒழுங்கற்றதாகையால், அங்கே பிழைகள் மலிந்து தோன்றும். தமிழில் எழுத்து ஏறக்குறைய ஒலியைப் பின்பற்றுவதால், பிழை குறைந்து, படிக்கும் வேகம் மட்டும் மந்தமாக இருக்கலாம். ஆகவே உளவியல் வல்லுநரிடம் அழைத்துச் செல்லும்போது, குழந்தை எந்த மொழியில் பேசுகிறது, எதனை எத்தனை ஆண்டு கற்றது என்பதை விளக்கமாகச் சொல்லுதல் பெற்றோர் கடமை.

இனித் தொழிலுக்கு வருவோம். பெரும்பாலோர் தொழிலின் பெயரைக் கேட்டே தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தொழிலில் ஒருவருடைய ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்று பார்ப்பதில்லை. நம் இளைஞர்க்குப் பெயரைவிட அந்த ஒரு நாளே முக்கியமானது.

மும்பையில் வளர்ந்த ஓர் இளைஞனைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தையின் விருப்பப்படி வங்கித் தேர்வை மூன்று முறை எழுதித் தவறியவன். ஆனால் அண்டை வீட்டார் குளிர்பதனப் பெட்டி கெட்டால் அவனையே தேடி வருகிறார்கள். ‘அவனை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டால் போதும்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். அதுவும் முழு விடையன்று. குளிர்பதனத் தொழிலாளிக்கும் மின்சுற்றுப் படம், எச்சரிக்கைக் குறிப்பு, ரசீது ஆகியவை உண்டு. ஆயினும் அங்கே படிக்க வேண்டியது சிறிது, அதுவும் திரும்பத் திரும்ப வருவது, பழகினால் கைவசமாவது. வங்கியிலோ நாள்தோறும் புதிய சுற்றறிக்கை, புதிய படிவம், வரிசையில் நிற்கும் மக்கள், பொறுக்கப்படாத எண்பிழை. வேறுபாடு இங்கேதான் உள்ளது.

எனவே எந்தத் தொழிலையும் சில கேள்விகளால் அளந்து பார்க்கலாம். அதில் படிப்பதும் எழுதுவதும் எவ்வளவு? அவை நாள்தோறும் புதியனவா, பழகியவையா? பிழை நேர்ந்தால் திருத்த அவகாசமும் சரிபார்க்க ஆளும் உண்டா? அன்றைய வேலை முடிந்தது என்பது கண்ணுக்குத் தெரியுமா, அல்லது பல மாதம் இழுக்குமா? நேரத்தை வகுப்பவர் மேலதிகாரியா, நாமேயா? கவனக் குறைபாடுடையவர்க்குக் கடைசி இரண்டும் மிக முக்கியமானவை. ‘சொந்தத் தொழில் செய்தால் சுதந்திரம்’ என்று கருதி இறங்கி, கணக்கும் வரியும் தவணையும் தவறி இடர்ப்படுவோர் உண்டு. வேலையில் வல்லவராயினும் கணக்கிற்கு ஒரு துணை அவர்க்குத் தேவை. கணநேரக் கவனப் பிசகு உயிருக்கு ஆபத்தாகும் இயந்திர வேலையை, மருத்துவருடன் கலந்து பேசாமல் மேற்கொள்ளலாகாது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வாயில் உண்டு. உள்ளே ஒரு வீடு உண்டு. சில தொழில்களில் வாயில் குறுகலானது, வீடு விசாலமானது. உணவுக் கலை, கட்டட வரைகலை, உடலியக்க மருத்துவம் போன்றவற்றில் நுழைய எழுத்துத் தேர்வு கடினம். உள்ளே சென்றபின் கையும் கண்ணும் பேச்சும் பெரிதும் துணை செய்யும். சிலவற்றில் வாயில் அகலமானது, வீடு நெருக்கமானது. கணினியில் தரவு பதிவு செய்யும் வேலை எளிதில் கிடைக்கலாம். ஆனால் எட்டு மணி நேரமும் எழுத்தோடும் எண்ணோடும் போராட வேண்டும். வாயிலில் தோற்றவன் வீட்டிற்குத் தகுதியற்றவன் என்று எண்ண வேண்டா. குறையுடையவர் யாவரும் ஓவியராகவோ மேதையாகவோ மலர்வர் என்ற புகழ்மொழியையும் நம்ப வேண்டா. அவரவர் திறமையைத் தனித்தனியே கண்டறிதல் வேண்டும்.

வாயிலை அகலப்படுத்தச் சட்டம் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாது எனச் சான்று பெற்றவர்க்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும், அவர்க்கென அடையாளம் காணப்பட்ட அரசுப் பணிகளிலும் இடஒதுக்கீடு உண்டு. தேர்வில் கூடுதல் நேரமும், வேண்டியவிடத்து எழுதித் தருபவரின் உதவியும் கோரலாம். 40 விழுக்காட்டை எட்டாதவர்க்கும், எழுதுவதில் இடர்ப்பாடு இருந்தால் அவ்வுதவியை மறுக்கலாகாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏ.டி.எச்.டி. அந்த 21-இல் தனியாக இடம்பெறவில்லை. அதனுடன் கற்றல் குறைபாடும் இருப்பின், அதற்கெனச் சான்று பெற முயலலாம்.

வெளிமாநிலத்தார் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று: இச்சான்றிதழைப் பெறச் சொந்த ஊருக்குச் செல்ல வேண்டியதில்லை, வசிக்கும் மாவட்டத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒரு மாநிலத்தில் பெற்றது நாடு முழுவதும் செல்லும். நாளை பூனாவிலிருந்து பெங்களூருக்கு மாற்றலானாலும் சான்றிதழ் உடன் வரும்.

பள்ளியில் பல மொழிகளால் திணறும் பிள்ளைக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மற்றொரு வழி. அங்கே ஒரு மொழியை மட்டும் எடுத்துக்கொண்டு, பிற பாடங்களை விருப்பப்படி தேர்ந்து, தேர்வுகளை ஐந்தாண்டுக் காலத்திற்குள் சிறிது சிறிதாக எழுதி முடிக்கலாம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின்கீழ், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில் வழிகாட்டு மையங்கள் பெருநகரங்கள் பலவற்றில் உள்ளன. அங்கே ஒருவரது திறனை ஆராய்ந்து ஏற்ற பயிற்சியைச் சொல்கிறார்கள்.

வேலை கிடைத்தபின், குறையை மேலதிகாரியிடம் சொல்லலாமா? நோயின் பெயரை முதலில் சொல்வதைவிட, வேண்டிய உதவியைச் சொல்வது பல இடங்களில் நன்மை தரும். ‘உத்தரவை வாயால் சொல்லிவிட்டுப் பிறகு எழுதித் தாருங்கள்’, ‘பெரிய வேலையை மூன்று பகுதியாகப் பிரித்துத் தாருங்கள்’ என்று கேட்பதில் இழிவொன்றுமில்லை. இன்று கைபேசி எழுத்தைப் படித்துக் காட்டுகிறது, பேசினால் எழுதித் தருகிறது, நேரத்தை நினைவூட்டுகிறது. மூக்குக் கண்ணாடி அணிவதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை; இவையும் அத்தகையனவே. கவனக் குறைபாட்டிற்கு மனநல மருத்துவர் தரும் மருந்தும் பலர்க்குப் பயன்பட்டிருக்கிறது.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். ஊரை விட்டு வந்த தலைமுறைக்கு எழுத்து சோறு போட்டது. அந்த நன்றியை மறக்க வேண்டியதில்லை. ஆனால் நம் முன்னோர் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, தாத்தா செய்த தொழிலையே பேரனும் செய்ய வேண்டும் என்னும் கட்டையும் விட்டுத்தான் புறப்பட்டார்கள். அவர்கள் தமக்கு எடுத்துக்கொண்ட அந்த உரிமையை, எழுத்து இடறும் பிள்ளைக்கும் நாம் வழங்குவோமாக. அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனருகே அமர்ந்து, ‘எந்த வேலை செய்யும்போது உனக்கு நேரம் போவது தெரிவதில்லை?’ என்று கேளுங்கள். அவன் தரும் விடையிலிருந்து தொடங்குங்கள்.