50 கே.பி.க்குள் ஒரு முகம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான வாரத்தில் சென்னையின் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரை எட்டிப் பாருங்கள். திருவல்லிக்கேணியோ தாம்பரமோ வியாசர்பாடியோ, எங்கே இருந்தாலும் காட்சி ஒன்றுதான். பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு அப்பாக்கள் நிற்பார்கள். பிள்ளைகள் போனில் ஓடிபி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஒரு பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இனிஷியல் முன்னாடியா பின்னாடியா? மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

"இந்தக் கடையெல்லாம் இன்னுமா இருக்கு?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் வைஃபையும் மேசையில் மடிக்கணினியும் உள்ளவர்கள். கடைகள் குறைந்துவிட்டன என்பது உண்மை. தெருவுக்கு இரண்டாக இருந்த இடத்தில் இன்று பேட்டைக்கு ஒன்றிரண்டுதான். மிஞ்சிய கடைகளின் பலகையில் 'பிரவுசிங்' என்ற சொல் ஓரத்துக்குப் போய், ஜெராக்ஸ், கலர் பிரிண்ட், லேமினேஷன், பான் கார்டு, பாஸ்போர்ட், ஆன்லைன் அப்ளிகேஷன் என்பவை பெரிய எழுத்தில் நிற்கின்றன. முன்பு இந்தக் கடைகள் இணைப்பை விற்றன. இன்று ஒரு விண்ணப்பத்தை முதல் கட்டத்திலிருந்து 'சப்மிட்' வரை கரைசேர்க்கும் கைத்திறனை விற்கின்றன. அதை ஒரு கைத்தொழிலாகவே மதிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தத் தொழிலின் உள்விவரங்களைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். தொடங்கிய அந்தச் சேவை முதலில் கிடைத்த நகரங்களில் அன்றைய மெட்ராசும் ஒன்று. 1998இன் இறுதியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் சிஃபி என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், 1999இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. அதன் 'ஐ-வே' மையங்கள் நகரெங்கும் முளைத்தன. அவற்றோடு, சேமிப்பைப் போட்டு நாலு கம்ப்யூட்டர் வாங்கி மாடிப்படிக்கு அடியில் கடை வைத்த இளைஞர்களும் இருந்தார்கள். உதிரி பாகம் ரிச்சி தெருவில் கிடைத்தது. மேன்ஷனில் தங்கி வேலை தேடியவர்களுக்கு அந்தக் கடைதான் அலுவலகம். பயோடேட்டா அடிப்பது, அனுப்புவது, பதில் வந்ததா என்று மறுநாள் வந்து பார்ப்பது எல்லாம் அங்கேதான். 2002 ஏப்ரலில் இணையம் வழியாக வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டபின், ஹெட்போன் மாட்டிய கேபின்களில் துபாய், சிங்கப்பூர், கனடா எல்லாம் கேட்டன. கணவர் வளைகுடாவில் இருக்கும் பெண்களுக்கும், பிள்ளைகள் டொராண்டோவில் இருக்கும் ஈழத்துப் பெற்றோருக்கும் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஐ.எஸ்.டி. பில் கட்டியவர்கள் அறிவார்கள்.

அன்றைய வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொலைபேசிக் கம்பியில் ஓடிய நல்ல மோடத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 56,000 பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், வினாடிக்கு 7,000 பைட். கடையில் ஏழு கணினிகள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் 1,000 பைட், அதாவது ஏறத்தாழ ஒரு கே.பி. 50 கே.பி. அளவுள்ள ஒரு சிறு படம் திரையில் முழுதாக இறங்க 50 வினாடி. நெற்றி முதலில் வரும், பிறகு கண், பிறகு மூக்கு. இந்த 50 கே.பி. என்ற எண்ணை நினைவில் வையுங்கள். வேறு வேடத்தில் திரும்ப வரும்.

ஒரே இணைப்பை ஏழு பேர் பகிர்ந்தது எப்படி? மோடம் கல்லாப்பெட்டி அருகே இருக்கும் முதன்மைக் கணினியில்தான் இருந்தது. வெளியுலகுக்குத் தெரிந்த முகவரி அதற்கு மட்டுமே. மற்றவற்றுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள். மூன்றாம் நம்பர் கணினி ஒரு பக்கத்தைக் கேட்டால், முதன்மைக் கணினி அந்தக் கோரிக்கையில் தன் முகவரியை எழுதி வெளியே அனுப்பும். யார் கேட்டது என்பதை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். இன்று உங்கள் வீட்டு வைஃபை பெட்டி சத்தமில்லாமல் செய்வதும் இதே வேலைதான். நேரக் கணக்கும் அந்த முதன்மைக் கணினியிடமே இருந்தது. உங்கள் நேரம் முடிந்தால் அங்கிருந்து வரும் கட்டளை உங்கள் திரையைப் பூட்டிவிடும். பல கடைகளில் இன்னொரு மென்பொருளும் உண்டு. கணினியை அணைத்துப் போட்டால் வட்டு முழுவதையும் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். ஒருவர் விட்டுப்போன வைரஸ், சேமித்துப்போன கடவுச்சொல், மாற்றிப்போன வால்பேப்பர் எல்லாம் அழியும். பலர் கை படும் கணினி அந்த ஏற்பாடு இல்லாமல் ஒரு மாதம் தாங்காது.

அரசின் கண்ணும் இந்தக் கடைகள் மேல் விழுந்தது. 2011இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, அடையாளச் சான்று இல்லாமல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டையும் பார்த்த தளங்களின் பதிவையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். கேபின் தடுப்பின் உயரம் நாலரை அடியைத் தாண்டக் கூடாது. தடுப்பு இல்லாத கணினிகளின் திரை பொது இடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குற்றத் தடுப்புக்காகக் கொண்டுவரப்பட்ட விதிகள்தான். ஆனால் சிறு கடைக்காரருக்கு அது கூடுதல் சுமை. ஏற்கெனவே மின்வெட்டுக்காக யுபிஎஸ் பேட்டரிக்குச் செலவழித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அடுத்து 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. கைபேசித் தரவு விலை சரிந்தது. பொழுதுபோக்குக்காகவும் மின்னஞ்சலுக்காகவும் வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். கடைகள் மூடியதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மிஞ்சியவை ஏன் மிஞ்சின என்பதற்குத்தான் விளக்கம் வேண்டும். இணையம் மலிவான அதே ஆண்டுகளில் அரசு அலுவலகங்களின் கவுன்ட்டர்களும் இணையத்துக்குள் போயின. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடந்துவந்த பொறியியல் கலந்தாய்வு 2018இல் ஆன்லைனுக்கு மாறியது. டி.என்.பி.எஸ்.சி., நீட், வங்கித் தேர்வு, பாஸ்போர்ட், வில்லங்கச் சான்று, சாதிச் சான்று என ஒவ்வொன்றாக மாறின. போனில் வீடியோ பார்ப்பது எளிது. ஆனால் ஐந்து அங்குலத் திரையில் எட்டுப் பக்க விண்ணப்பத்தை நிரப்பி, மாற்றுச் சான்றிதழை ஸ்கேன் செய்து, கையெழுத்தைத் தனிக் கோப்பாக ஏற்றி, பணம் கட்டி, ரசீதை அச்சிடுவது வேறு வேலை. அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்.-160 படிவம் 20 நிமிடம் சும்மா விட்டால் வெளியே தள்ளிவிடும். சேமித்துவைக்கத் தெரியாதவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அக்கா, போட்டோ ஏற மாட்டேங்குது."

"எவ்ளோ கே.பி. இருக்கு?"

இந்த இரண்டு வரியில்தான் கடையின் பாதி வருமானம் இருக்கிறது. எஸ்.எஸ்.சி. தேர்வு, வங்கித் தேர்வு போன்ற பல விண்ணப்பங்கள் புகைப்படம் 20 கே.பி.க்கு மேலும் 50 கே.பி.க்குள்ளும் இருக்க வேண்டும், கையெழுத்து 10 முதல் 20 கே.பி. வரை இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கின்றன. கையில் இருக்கும் போனோ 1.2 கோடிப் புள்ளிகள் கொண்ட படம் எடுக்கிறது. ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்றால் மொத்தம் 3.6 கோடி பைட். ஜேபெக் முறையில் சுருக்கிய பிறகும் அது பொதுவாக 3, 4 எம்.பி. இருக்கும். அதை அறுபது முதல் எண்பது மடங்கு குறைக்க வேண்டும்.

தெரிந்தவர் இதை இரண்டு படியாகச் செய்வார். முதலில் முகமும் தோளும் மட்டும் இருக்கும்படி வெட்டி, படத்தின் அளவை 200க்கு 230 புள்ளி என்று சிறிதாக்குவார். அப்போதே மொத்தப் புள்ளிகள் 46,000 ஆகிவிடும். சுருக்காமல் வைத்தாலும் 135 கே.பி.தான். அடுத்துதான் ஜேபெக் தரத்தைக் குறைப்பார். ஜேபெக் என்ன செய்கிறது? படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி மெதுவாக மாறுவது எவ்வளவு, சட்டென்று மாறுவது எவ்வளவு என்று எண்களாக எழுதிக்கொள்கிறது. நம் கண் மெதுவான மாற்றத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். நுணுக்கமான ஏற்ற இறக்கம் சற்று மாறினால் கவனிக்காது. நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டைத்தான் கூர்மையாகப் பார்க்கும். ஆகவே கண் கவனிக்காத எண்களை ஜேபெக் தோராயமாக்கி, பலவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. பூஜ்யங்கள் வரிசையாக வந்தால் அவற்றை எழுத இடம் வேண்டாம்.

இந்தப் படிகளைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும்? பெரிய படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் நசுக்கினால், அந்த எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் முகத்தில் சதுரம் சதுரமாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த படம் ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது. அதை மறுபடி சுருக்கினால் இன்னும் மோசம். தேர்வு மையத்தில் ஹால் டிக்கெட்டையும் ஆளையும் ஒப்பிடும்போது தடுமாற்றம் வருவது இப்படிப்பட்ட படங்களால்தான். அந்த அக்கா எந்தக் கல்லூரியிலும் பட அறிவியல் படித்திருக்கமாட்டார். ஆனால் "ஸ்டூடியோல எடுத்த ஃபைலையே மெயில்ல வாங்கிட்டு வாங்க" என்று சொல்லும்போது அந்த அறிவியலைத்தான் சொல்கிறார்.

இன்னொரு திறமை பெயர் சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இந்தியா முழுமைக்கும் உருவான படிவங்களோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டுகின்றன. பான் அட்டை இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும். ஆதாரில் இனிஷியல் அப்படியே இருக்கும். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பையா' என்றால் நாளைக்கு இரண்டும் ஒரே ஆளா என்று ஓர் அதிகாரி கேட்பார். பானையும் ஆதாரையும் இணைக்கும் கெடு 2023 ஜூன் வரை நீண்டபோது, ஆயிரம் ரூபாய் தாமதக் கட்டணத்தோடு வந்தவர்களில் பலருக்குத் தடையாக நின்றது பெயர் ஒத்துப்போகாததுதான். எந்தப் படிவத்தில் அப்பா பெயர் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் தெளிவாக இல்லை. பல விண்ணப்பங்கள் திரும்பி வந்ததைப் பார்த்த அனுபவத்தில் இந்தக் கடைக்காரர்கள் கற்றுக்கொண்டது அது.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச்செட்டித் தெருப் பக்கம் போனால் தொழில் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே தமிழ்த் தட்டச்சுதான் மூலதனம். பழைய மனுக்களும் பத்திரங்களும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கு மேல் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற வரிசை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறியில் தமிழுக்கென்று தனி எண்கள் உண்டு. தமிழக அரசு 2010இல் அதை ஏற்றது. ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் தானாக மாறிவிடவில்லை. அந்தக் குப்பையைப் பார்த்ததும் இது எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, மாற்றி, மாற்றத்தில் உடைந்த கொம்பையும் காலையும் கையால் சரிசெய்து கொடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். வழக்கு விவரத்தில் ஒரு ஊர்ப்பெயர் தவறினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ரயில் டிக்கெட் பற்றிச் சுருக்கமாக. தட்கல் பதிவு ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். சொந்தக் கணக்கில் எடுத்து லாபத்துக்கு விற்பது ரயில்வே சட்டப்படி குற்றம். ஐ.ஆர்.சி.டி.சி. அங்கீகரித்த முகவர் மட்டுமே கட்டணம் வாங்கலாம். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்குதான் ஆன்லைன் தட்கலுக்குச் செல்லும் என்றானபின் இந்த வேலை கடைகளில் இளைத்துவிட்டது.

இந்தக் கடைகள்மேல் எனக்கு உள்ள மதிப்பு ஒரு கவலையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. கடைக்காரர் நல்லவராக இருந்தாலும், அவர் கணினியின் டவுன்லோட்ஸ் அறையில் ஊரே கிடக்கிறது. ஆதார் நகல், வங்கிப் புத்தகம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அங்கே உண்டு. இ-ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். இரண்டும் உங்கள் மற்ற சான்றிதழ்களிலேயே இருக்கின்றன. முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்ளும் இடங்களில் அதையே கொடுப்பது நல்லது. வேலை முடிந்ததும், "கோப்பை அழிச்சிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க தம்பி" என்று கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல கடைக்காரர் கேட்காமலே செய்வார். வங்கி ஓடிபியை மட்டும் சத்தமாகச் சொல்லாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

படத்தைச் சுருக்கும் வேலையை அரசுத் தளங்களே செய்துவிட முடியும். உலாவிக்குள்ளேயே படத்தை வெட்டி 50 கே.பி.க்குக் கொண்டுவரும் நிரல் எழுதுவது இன்று கடினமே இல்லை. பெயருக்கு ஒரே கட்டம் வைத்து, மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி எழுதச் சொல்வதும் முடியாத காரியமல்ல. தனியாரும் இ-சேவை மையம் நடத்தலாம் என்று தமிழக அரசு வழிசெய்திருப்பதால், அனுபவமுள்ள இந்தக் கடைக்காரர்களுக்கு முறையான அங்கீகாரமும் தரவுப் பாதுகாப்புப் பயிற்சியும் கொடுக்கவும் வழியுண்டு. அதுவரை விண்ணப்பம் போடப் போகிறவர்கள் அசல் சான்றிதழ், ஓடிபி வரும் போன், படத்தின் மூலக் கோப்பு மூன்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்பே போய்விடுங்கள். கடைசி நாளில் சர்வர் திணறும். அந்த அக்காவாலும் ஒன்றும் செய்ய முடியாது.