கைகோத்து நிற்கும் செல்கள்

எபிதீலியத் திசுவை நடத்தும்போது, செல்கள் செங்கற்களைப் போல நெருங்கி அமைந்திருப்பதாகச் சொல்கிறோம். "அப்படியென்றால் நடுவில் சிமெண்ட் எது?" என்று ஒரு மாணவி கேட்டால் தட்டிக்கழிக்க வேண்டாம்.

விடையின் முக்கியப் பகுதி ஈ-கேட்ஹெரின் என்னும் புரதம். அதை உருவாக்கும் சிடிஎச்1 மரபணு, 16ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ளது. செல்சவ்வை ஊடுருவி நிற்கும் இப்புரதத்தின் வெளிப்பகுதி, அடுத்த செல்லில் உள்ள அதே புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. உட்பகுதி, கேட்டினின் புரதங்கள் வழியாக ஆக்டின் இழைகளோடு பிணைகிறது. எனவே சிமெண்டைவிட, கைகோத்து நிற்கும் பிள்ளைகளே பொருத்தமான உவமை. அந்தக் கை விறைப்பாக நிற்கக் கால்சியம் அயனிகள் தேவை.

கால்சியத்தின் பங்கு தெரியவந்ததே ஒரு 'தோற்றுப்போன' சோதனையால்தான். 1970களில் ஜப்பானியர் மசாதோஷி தகெய்ச்சி, அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வு செய்தார். கியோட்டோவில் டிரிப்சினால் பிரித்த செல்கள் மீண்டும் ஒட்டிக்கொண்டன, இங்கே ஒட்டவில்லை. காரணம், இந்த ஆய்வகத்தின் டிரிப்சின் கரைசலில் கால்சியத்தைக் கவர்ந்துகொள்ளும் ஈடிடிஏ கலந்திருந்தது. கால்சியம் இருந்தால் ஒட்டும் புரதம் டிரிப்சினிடமிருந்து தப்புகிறது, இல்லையேல் சிதைகிறது. செய்முறை வகுப்பில் விடை வரவில்லை என்று அழித்து எழுதும் மாணவருக்கு இதைச் சொல்லலாம்.

இந்த மரபணுவில் பிழை வந்தால்? நியூசிலாந்தின் ஒரு மாவோரி குடும்பத்தில் தலைமுறைதோறும் பலர், சிலர் மிக இளவயதிலேயே, இரைப்பைப் புற்றுநோயால் இறந்தனர். குடும்பத்தினரே ஆய்வாளர்களை நாடி, உடன் உழைத்தனர். 1998இல் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டு குழுவினர் காரணத்தை நேச்சர் இதழில் வெளியிட்டனர்: சிடிஎச்1 மரபணுவில் சடுதிமாற்றம்.

இது ஓங்கு முறையில் கடத்தப்படுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்பு. ஆனால் பிழையைப் பெற்ற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஒரு செல்லில் மீதமுள்ள நல்ல பிரதியும் செயலிழந்தால்தான் பிடி விடுகிறது. பிடிவிட்ட செல்கள் கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவருக்குள் தனித்தனியே பரவுவதால், எண்டோஸ்கோப்பியில் தொடக்கத்தில் அகப்படுவது கடினம். அதனால் மரபணுச் சோதனையில் பிழை உறுதியானவர்கள் பலர், நோய் வரும்முன்பே இரைப்பையை முழுவதும் அகற்றிக்கொள்கின்றனர். பிறகு சிறுகச் சிறுக உண்டு, வைட்டமின் பி12 எடுத்துக்கொண்டு வாழ்கின்றனர்.

ஒரு வேண்டுகோள்: குடும்ப வழித்தொடர் வரைபடம் பயிற்றுவிக்கையில் மாணவரின் சொந்த வீட்டு நோய்களைக் கேட்காதீர்கள். அதற்கு இந்த மாவோரி குடும்பத்தின் கதை போதும்.